சனிக்கிழமையை நான் விட்டுத் தரவில்லை

மக்கா,

'அன்புள்ள' என்று தொடங்கவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தால் நீ சமாதானமாகிவிடுவாய். மீதியை வாசிக்காமலே ஓர் இதயப் படத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இது முழுக்க வாசிக்க வேண்டிய கடிதம். உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி இதைப் போடுவதற்கும் காரணம் உண்டு. என்னைப் பற்றி நீ எழுதியதை எல்லோரும் பார்க்கத்தானே அங்கே போட்டாய்? பதிலும் அங்கேயே இருக்கட்டும்.

பாறசாலை நூலகத்துக் கூடத்தில் என் படங்களை மாட்டியிருந்தபோது நீயும் உன் மனைவி ஷீபாவும் கைக்குழந்தையை, நம் குஞ்சை, தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூன்று பேரையும் படங்களுக்கு முன்னால் நிறுத்தி நானே போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் நீ எழுதினாய்: 'எங்களை வளர்த்து ஆளாக்கும் வரைக்கும் தூரிகையைத் தொடாதவள் என் அம்மா. கடமை முடிந்த பிறகுதான் தன் ஆசையைத் தேடிப் போனாள்.' சொந்தக்காரர்கள் எல்லாம் கைகூப்பினார்கள். காஞ்சிரங்குளத்து மாமி, உன் அப்பாவின் அக்கா, 'ஆமென்' என்று போட்டார். அந்த ஆமெனைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

சிரிப்பு இரண்டு நாள்தான் நீடித்தது. நீ போன் செய்தாய். ஷீபா சனிக்கிழமை மத்தியானம் படம் வரையும் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், பணமும் கட்டிவிட்டாள் என்றாய். "அம்மா, நீ ஒண்ணு பறஞ்சு குடு. நீ சொன்னா கேப்பா. குஞ்சுக்கு ஒரு வயசு ஆவல்லியே, அதுக்குள்ள எதுக்கு? பின்ன வரைஞ்சா போராதா? நீ அப்படித்தான செய்தே?" என்றாய். நான் 'பார்க்கலாம்' என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பதிவை நீ எனக்காக எழுதவில்லை. ஷீபா வாசிக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். என்னைத் தூக்கி உயரத்தில் வைத்தது அவள் தலையில் போடுவதற்கு. எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்ல மாட்டேன். நீ மறந்துவிட்டாய். உனக்குச் சோறு கிடைத்தது, குளிப்பாட்ட ஆள் இருந்தது, பள்ளிக்கூடப் பை நிறைய புத்தகம் இருந்தது. எதுவும் குறையாததால் நான் எங்கே போயிருந்தேன் என்று நீ தேடவில்லை. தேடாததால் நினைவும் இல்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நீ மறந்ததை வைத்து இன்னொரு பெண்ணுக்குச் சட்டம் போட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். அதனால் கேள்.

நீ இரண்டாம் வகுப்பில் படித்தாய். தங்கச்சி சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற பருவம். நான் பாறசாலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தேன். காலையில் பனச்சமூட்டில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று உனக்கு ஒரு சாயப்பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒரு மழை நாள், நீங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள், அதற்குக் கீழே மரச்சீனிக் கிழங்குச் செடி, அதற்குக் கீழே சேம்பு. எல்லாம் பச்சை, ஒன்றுக்கொன்று ஒட்டாத பச்சை. கல்யாணத்துக்கு முன்னால் வரைந்த கை இது. பள்ளியிலும் கல்லூரியிலும் பரிசு வாங்கிய கை. மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு உன் பெட்டியைத் திறந்தேன். நீ எழுந்து வந்தபோது பச்சைக் கட்டி இருந்த இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. "எனக்க பச்சையக் காணல்ல! அம்மா எனக்க பச்சைய எல்லாம் தீத்தாச்சு!" என்று நீ தெரு கேட்க அழுதாய். நான் உன்னைத் தேற்றவில்லை, மக்கா. நான் என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வீட்டுக்குள் நான் அதுவரை அனுபவித்ததில்லை. இப்படிப்பட்ட கடிதங்களில் தாய்மார் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கு அது வராது. அடுத்த வாரம் உனக்கு வேறு பெட்டி வாங்கினேன். எனக்கும் ஒன்று வாங்கினேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை. லேப் மத்தியானம் வரைதான். உன் அப்பாவுக்கு, வெள்ளறடைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கு, முழு விடுமுறை. நான் வந்து சோறு தின்றுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குள், அந்தப் புரைக்குள், போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். விளக்கு வைக்கிற நேரம் வரை நீங்கள் உங்கள் அப்பாவின் பொறுப்பு. "பிள்ளையளு உன்னைக் கேட்டு அழுதா?" என்று உன் அப்பா கேட்டார். "அழுதா எடுங்க. நான் அப்படித்தான் எடுக்கேன்" என்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முதல் சனிக்கிழமை உங்களைப் பனச்சமூடு சந்தைக்குக் கூட்டிப் போய், உனக்குப் புரோட்டாவும் மாட்டிறைச்சியும் வயிறு முட்ட வாங்கிக் கொடுத்து, தங்கச்சியின் ஒரு செருப்பை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி முழுக்க உனக்கு வயிற்றுப்போக்கு. கழுவி விட்டது அவர்தான். நான் கைகட்டி நின்று பார்த்தேன். அடுத்த வாரம் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார்.

மாமி ஒரு சனிக்கிழமை காஞ்சிரங்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். உன் அப்பா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். நான் புரையில் இருக்கிறேன். மாமிக்குத் தாங்கவில்லை. புரைக் கதவைத் தள்ளித் திறந்து, "எனக்க தம்பி ஒரு வாத்தியாராக்கும். அவன் கஞ்சி காய்ச்சுதான், நீ இங்ஙன இருந்து சாயம் தேய்க்கியா? உனக்கு என்ன, பைத்தியமா?" என்றார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. "ஆமா மாமி, பைத்தியந்தான். சனிக்கிழமை மட்டும் வரும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவும்போ செரியாயிடும்" என்றேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். நாலைந்து மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மாமிதான் இப்போது உன் பதிவுக்கு ஆமென் போட்டிருக்கிறார். மாமி, நீங்களும் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். நான் சொன்னதில் ஏதாவது தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள்.

உன் புருவத்தில் ஒரு தழும்பு உண்டே, அதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் விழுந்தது என்றுதான் உனக்குத் தெரியும். அது ஒரு சனிக்கிழமை. ரப்பர் மரத்து மூட்டின் வேரில் முட்டி நீ விழுந்தாய். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது உன் முகம் முழுக்க ரத்தம். என் கையில் சாயம், உன் அப்பா கையில் ரத்தம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தினமும் பிறத்தியார் ரத்தத்தைப் பார்க்கிற நான், உனக்குத் தையல் போடும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே உன் அப்பா சொன்னார்: "இதோட போதும். இனி அந்தப் புரைக்கு நீ போவண்டாம்." நான் கேட்டேன்: "சைக்கிள் ஓட்டினது அவன். பாத்துட்டு நின்னது நீங்க. படம் என்ன செய்துது?" புரைக்கு இனிப் போவதா என்று அந்த வாரம் முழுக்க எனக்கும் சந்தேகம்தான். ஊரில் கேட்டவர்கள் எல்லாம் அம்மா எங்கே இருந்தாள் என்றுதான் கேட்டார்கள். அப்பா எங்கே இருந்தார் என்று ஒருவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னைத் திரும்ப அனுப்பியது. அடுத்த சனிக்கிழமை தையலோடு உன்னைக் கட்டிலில் உட்கார்த்தி, முத்தம் கொடுத்து, புரைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அன்றைக்குக் கதவைச் சாத்த எனக்குத் தேவைப்பட்ட தைரியம், பிரசவத்துக்குக்கூடத் தேவைப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் உனக்கு ஒரு வேலை கிடைத்தது. இதுவும் உனக்கு நினைவில்லை என்று நினைக்கிறேன். நீர்ச்சாயத்தில் வெள்ளைக்குச் சாயம் கிடையாது. காகிதத்தின் வெள்ளையைத் தொடாமல் விட வேண்டும், அதுதான் வெள்ளை. சின்னச் சின்ன இடங்களை அப்படி விட என் கைக்குப் பொறுமை இல்லை. டவுனில் அதற்கென்று ஒரு குப்பி மருந்து உண்டாம், தடவினால் சாயம் ஏறாதாம், யானை விலை. நம் வீட்டில் என்ன குறை? உன் அப்பா காலையில் பட்டை கீறி எடுத்த ரப்பர் பால் இருந்தது. உறைந்து போகாமல் இருக்க அமோனியா இரண்டு சொட்டு விட்டு, துணியில் வடிகட்டி, ஈர்க்கில் நுனியால் தொட்டு வெள்ளை வேண்டிய இடத்தில் வைத்தேன். நிமிஷத்தில் காய்ந்து தோலாகிவிடும். அதன்மேல் எந்தச் சாயத்தையும் இழுத்து அடிக்கலாம். எல்லாம் உலர்ந்த பிறகு விரலால் தேய்த்தால் ரப்பர் சுருண்டு வரும், கீழே காகிதம் பளிச்சென்று இருக்கும். ரப்பர் மூட்டுச் சிரட்டையில் ஒட்டியிருக்கிற பாலை உரித்து உருட்டி விளையாடுகிற பிள்ளைதானே நீ? கதவிடுக்கில் பார்த்துவிட்டாய். "அம்மா, அதை நான் உரிக்கட்டா?" என்றாய். அன்றிலிருந்து சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு உரிக்கிற வேலை உனக்கு. 'காஞ்சாச்சா, காஞ்சாச்சா' என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருப்பாய்.

பனச்சமூடு சந்தையை வரைந்தேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் மூக்கோடு மூக்கு முட்டி வழி விடாமல் நிற்கின்றன. நடுவில் மரச்சீனி குவித்து வைத்து ஒருத்தி இருக்கிறாள். மாவு நல்லதென்று காட்ட ஒன்றை ஒடித்து மேலே வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த ஒடித்த வெள்ளைக்குத்தான் ரப்பர் பால் வைத்தேன். சுற்றிலும் மண் நிறம் அடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். வருவதற்குள் நீ உள்ளே நுழைந்து உரித்துவிட்டாய். சாயம் காயவில்லை. ரப்பரோடு சேர்ந்து உன் விரல் பட்டு, படத்துத் தரையின் மண் நிறம் நீளமாக இழுபட்டுவிட்டது. நீ விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றாய். நான் கையை ஓங்கினேன், உண்மைதான். பிறகு படத்தைப் பார்த்தேன். மரச்சீனிக்காரி பக்கத்தில் எதுவோ வந்து படுத்திருக்கிற மாதிரி இருந்தது. அழிக்காமல் விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தை அந்த வருஷம் நம் சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோனேன். அவரவர் கையின் முதற்பலனைக் கொண்டு வாருங்கள் என்றுதானே போதகர் ஐயர் சொல்கிறார்? என் கையில் விளைந்தது அதுதான். ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் ஏலம். ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனி மூடு, பலாப்பழம், சேவல். இடையில் என் படம். ஏலம் விளிக்கிறவர் அதைத் தூக்கிப் பிடித்ததும் கூட்டத்தில் ஒருவர், "அது என்னது, அந்தப் பெண்ணுக்கப் பக்கத்துல? நாயா?" என்றார். "நாயாக்கும், நாயாக்கும்" என்று ஏலம் விளிக்கிறவரே முடிவு செய்துவிட்டார். ஒரு டாக்டர் கேட்டு எடுத்தார். எடுத்ததும் நம் சபையில் செய்கிற மாதிரி, 'சபைக்கே திரும்பக் குடுக்கேன்' என்றார். கைதட்டினார்கள். மறுபடியும் ஏலம். ஒரு கான்ட்ராக்டர் எடுத்தார். அவரும் சபைக்கே என்றார். மறுபடியும் கைதட்டு. உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாரு, உனக்கப் படத்துக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்குக் கண் காட்டினார். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. சேவலை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏத்தன் குலையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். என் படத்தைத்தான் யாருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாம் முறை ஏலம் விளித்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து நான் விலை சொன்னேன். அங்கே பெண்கள் வாய் திறந்து ஏலம் கேட்கிற வழக்கம் இல்லை. உன் அப்பா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மேலே யாரும் கேட்கவில்லை. ஒருதரம், ரெண்டுதரம் சொல்லி முடித்து, ஏலம் விளிக்கிறவர் சிரித்துக்கொண்டே, "அப்போ சபைக்கே திரும்பக் குடுக்கியளா?" என்றார். "இல்ல. நான் இதை வீட்டுக்குக் கொண்டு போவப் போறேன்" என்றேன். நீ ஓடிப் போய்ப் படத்தைக் கையில் வாங்கினாய். வழி முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய், யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அன்றிலிருந்து அது நம் வீட்டு முன் அறையில்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் நாய் அழகு என்கிறார்கள்.

இப்போது ஷீபா விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு நான் ஒன்றும் பறஞ்சு கொடுக்கப் போவதில்லை. அவள் வகுப்புக்குப் போகட்டும். அடுத்து உன் மனதில் என்ன ஓடும் என்றும் எனக்குத் தெரியும்: 'அப்போ சனிக்கிழமை அம்மா கழக்கூட்டத்தில் நம் வீட்டுக்கு வந்து குஞ்சைப் பார்த்துக்கொள்ளட்டும், பிரச்சினை தீர்ந்தது.' நான் வர மாட்டேன். திங்கள் கூப்பிடு, புதன் கூப்பிடு, குஞ்சுக்குக் காய்ச்சல் என்றால் எந்த நேரமும் கூப்பிடு, ஓடி வாறேன். சனிக்கிழமை மத்தியானம் வர மாட்டேன். அது என்னுடையது. உன் தையலையும் மாமியின் வாயையும் தாண்டி நான் வைத்திருப்பது அது. அதை எடுத்து உன் மனைவிக்குக் கொடுத்துவிட்டு நீ கை வீசி நடக்கலாம் என்று பார்க்காதே. குஞ்சுக்கு அப்பன் உண்டு.

பயப்படாதே, உனக்கு வரும். உன் அப்பாவுக்கே வந்தது. அழுதால் எடு. கஞ்சியை ஆற்றிக் கொடு. சட்டையெல்லாம் கொட்டுவாள், கொட்டட்டும். ஷீபா வீட்டுக்கு வந்ததும் 'இன்னைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா' என்று தொடங்காதே. என்ன வரைந்தாய் என்று கேள். அவள் காட்டினால் பார். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே, அது அவளுக்கே தெரியும். பார்த்தால் போதும்.

சந்தைப் படத்தை இன்று சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஷீபா உட்கார்ந்து வரைகிற இடத்துக்கு மேலே நீயே ஆணி அடித்து மாட்டு. மாட்டி முடித்ததும் மரச்சீனிக்காரிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த நாயைக் கொஞ்சம் நெருங்கிப் பார். உன் சின்ன விரலின் ரேகை இன்னும் தெரிகிறது. உங்களை வளர்த்து முடித்த பிறகுதான் நான் தூரிகையைத் தொட்டேன் என்று இனி யாரிடமாவது சொல்லத் தோன்றினால், முதலில் உன் விரலை அதன்மேல் வைத்துப் பார். உன் விரல் இப்போது பெரிது. நாய் முழுக்க மறைந்துவிடும். பிறகு விரலை எடு, மக்கா. அது அங்கேயேதான் இருக்கும்.

அம்மா